கால் சொன்ன பெயர்

பொன்னுரங்கத்தின் இடது கால், அவருடைய மனைவியைவிடச் சகலையைத்தான் அதிகம் விரும்புகிறது என்று கண்டுபிடித்தவன் நான். அதற்காக எனக்கு ஒரு சான்றிதழும், பிளாஸ்டிக் உறையில் ஒரு பேனாவும் கொடுத்தார்கள். பேனா எழுதவில்லை. சான்றிதழில் என் பெயரைச் சரியாகப் போட்டிருந்தார்கள்.

நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்.சி. புள்ளியியல் இரண்டாம் ஆண்டு. ஆறு மாதம் எங்காவது போய் உபயோகமாக ஏதாவது செய்துவிட்டு வா என்று கல்லூரி அனுப்பிவைத்தது. வந்து சேர்ந்த இடம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் நான்காவது மாடி, ஆறாத புண் வார்டு. நாற்பத்தாறு படுக்கைகள். பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகளின் கால்கள். கால்களோடு அவர்களும் வந்திருந்தார்கள்.

ஆராய்ச்சிக்குத் தலைவர் டாக்டர் மெஹருன்னிசா. முதல் நாள் என்னை உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்டார்.

"தீபன், புண் எதனால ஆறுது?"

"மருந்து போட்டா ஆறும், மேடம்."

"மருந்து எல்லாருக்கும் ஒண்ணுதான். ஒருத்தருக்குப் பத்து நாள்ல ஆறுது, இன்னொருத்தருக்குப் பத்து வாரமானாலும் ஆறல. மனசு பதறுனா ரத்தக்குழாய் சுருங்கும். ரத்தம் போகலைன்னா புண் ஆறாது. இது பழைய விஷயம். யார் பக்கத்துல உக்காந்தா மனசு பதறுது, யார் உக்காந்தா அடங்குதுன்னு இதுவரைக்கும் யாரும் அளந்து பாக்கல. அதான் புது விஷயம்."

"வெளிநாட்டுல பாத்திருப்பாங்களே மேடம்?"

"அங்க நோயாளி பக்கத்துல மெஷின் இருக்கும். இங்க மாமனார் இருப்பார். இந்த ஆராய்ச்சிய இங்கதான் பண்ண முடியும்."

அளப்பதற்கு ஒரு மெல்லிய படலம் வைத்திருந்தார்கள். அதைப் புண்ணின் மேல் ஒட்டிவிட்டால், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை உள்ளே எவ்வளவு ரத்தம் ஓடுகிறது, எவ்வளவு புதுத்தோல் வளர்ந்திருக்கிறது என்று எண்ணாகச் சொல்லிவிடும். ஆவணங்களில் அதற்கு நாலு வார்த்தையில் ஒரு பெயர் இருந்தது. வார்டில் 'ஒட்டு' என்றார்கள்.

யார் பக்கத்தில் இருக்கிறார் என்பதைப் பாஸ் சொல்லும். ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு பாஸ். கூடவே தங்குகிறவருக்குப் பச்சை, வந்து போகிறவருக்கு மஞ்சள். பச்சைக்கு லிஃப்ட் உண்டு. மஞ்சள் படியேற வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் படுக்கையருகே இருக்கலாம். பாஸுக்குள் சிப்பு, சிப்புக்குள் பெயரும் உறவும். படுக்கையின் தலைமாட்டில் இருந்த கருவி, எந்தப் பாஸ் எத்தனை மணிக்கு அருகில் இருந்தது என்று குறித்துக்கொண்டே இருக்கும். இதையும் ஒட்டின் எண்களையும் சேர்த்துப் போட்டால் ஒவ்வொரு உறவினருக்கும் ஒரு மதிப்பெண் வரும். சேர்த்துப் போடுவது என் வேலை.

நானூற்றுப் பன்னிரண்டு நோயாளிகளுக்குப் போட்டேன். பட்டியலை ஒரு திங்கட்கிழமை வார்டு வாசலில் ஒட்டினார்கள். ஆராய்ச்சி அன்றோடு முடிந்து, வாழ்க்கை ஆரம்பித்தது.

பன்னிரண்டாம் படுக்கையின் மருமகள் கூட்டல் பத்தொன்பது, மகள் கழித்தல் ஆறு. மகள் ஊருக்குப் போய்விட்டாள். ஒருவர் தன் தம்பியின் மதிப்பெண்ணைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட, அந்தக் குழு மாலைக்குள் மூன்று குழுக்களாகப் பிரிந்தது. அரியலூர்க்காரர் ஒருவருக்குக் கூட்டல் இருபத்தேழு. அவரைக் கல்யாணத் தரகர் ஒருவர் தேடி வந்து, பையன் இருக்கிறானா, அவனுக்கும் அதே மாதிரி வருமா என்று விசாரித்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, "எங்க மச்சினருக்கும் இப்படித்தான் சின்னப் புண்ணா ஆரம்பிச்சுது, முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க" என்று ஆறுதல் சொல்லும் வழக்கம் மட்டும் அன்றோடு நின்றது. அதற்காகவே இந்த ஆராய்ச்சியை மன்னிக்கலாம் என்று தலைமை நர்ஸ் சொன்னார்.

நிர்வாகம் உடனே ஒரு விதி போட்டது. கழித்தல் வாங்கியவர்களின் பாஸ் ரத்து.

இனி பொன்னுரங்கம். முப்பத்தொன்றாம் படுக்கை. அரசுப் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இடது உள்ளங்காலில் ஆணி குத்தியதே தெரியாமல் நான்கு நாள் நடந்திருக்கிறார். அவருடைய மனைவி அமிர்தம்தான் பச்சை பாஸ். இருபது நாளாகப் படுக்கைக்கும் சுவருக்கும் நடுவில், தரையில் பாய் விரித்துப் படுத்தவர். மஞ்சள் பாஸ் சொக்கலிங்கம், அமிர்தத்தின் அக்கா கணவர். சகலைகள் இருவரும் பேசிப் பதினோரு வருடம். சொக்கலிங்கத்தின் வீட்டுப் புதுமனை புகுவிழாப் பத்திரிகையில் பொன்னுரங்கத்தின் பெயர் இல்லை. அச்சகத்துத் தவறு என்பது சொக்கலிங்கம் கட்சி. அச்சகத்துக்குத் தன் மேல் விரோதம் எதுவும் கிடையாது என்பது பொன்னுரங்கம் கட்சி. ஆனாலும் அக்காக்காரியின் கட்டளை என்று சொக்கலிங்கம் தினமும் மாலை நான்கு மணிக்கு வருவார். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுப் பேப்பர் படிப்பார். ஆறு மணிக்குப் பேப்பரை மடித்துக்கொண்டு போய்விடுவார்.

பட்டியலில் அமிர்தம், கழித்தல் பதினான்கு. சொக்கலிங்கம், கூட்டல் முப்பத்தொன்று. நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களிலும் அதுதான் முதலிடம். கருவி சொன்னபடி, ஆறு மணிக்குப் போவதுபோல் போகும் சொக்கலிங்கம் திரும்பி வந்து இரவு முழுக்கச் சகலையின் அருகிலேயே இருந்திருக்கிறார். பேச்சுவார்த்தை இல்லாத உறவிலும் இப்படி ஒரு பாசம் இருக்க முடியும் என்று டாக்டர் தன் கட்டுரையில் இதற்கு ஒரு தனிப் பத்தி ஒதுக்கினார்.

அமிர்தத்திடம் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது.

"நான் பக்கத்துல இருந்தா அவருக்குப் புண்ணு ஆறாதா தம்பி?"

"ஆறும்மா. கொஞ்சம் மெதுவா ஆறும்."

"எவ்வளவு மெதுவா?"

"பதினாலு."

"பதினாலு என்னது?"

அதற்குக் கால் மணி நேரம் கரும்பலகை வைத்துச் சொல்லும் பதில்தான் என்னிடம் இருந்தது. அவர் அதற்குக் காத்திருக்கவில்லை.

"இருக்கும். அவருக்குச் சர்க்கரை வந்ததே கல்யாணத்துக்கு அப்புறந்தான்" என்றார். முப்பத்திரண்டு வருடத்தையும் அந்த ஒரு எண்ணுக்குள் போட்டுப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு கிளம்பும்போது சொன்னார். "தலகாணிய ரெண்டா மடிச்சு வெக்கணும். வலது பக்கம் ஒருக்களிச்சாத்தான் தூங்குவாரு. தண்ணி கேக்க மாட்டாரு, நாமளா குடுக்கணும். அத்தான்கிட்ட சொல்லிருங்க. நான் ஓய்வெடுக்க வீட்டுக்குப் போயிருக்கேன்னு அவருகிட்ட சொல்லச் சொல்லுங்க."

வீட்டுக்குப் போகவில்லை. இரவும் பகலும் தரைத்தளக் காத்திருப்புக் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். கூடத்துக்கும் நான்காவது மாடிக்கும் எத்தனை அடி என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். அந்தத் தூரத்துக்கும் மதிப்பெண் உண்டோ என்று பயம்.

சொக்கலிங்கத்துக்கு லிஃப்டோடு புதிய பச்சை பாஸ் கிடைத்தது. மனிதர் ஒரே நாளில் மாறிப்போனார். குளித்து, விபூதி பூசி, இஸ்திரி போட்ட சட்டையில் வேலைக்கு வருவதுபோல் வந்தார். மற்றப் படுக்கைக்காரர்கள், "சார், போற வழியில நம்ம ஆள்கிட்டயும் ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டுப் போங்க" என்றார்கள். முடிந்தவரை உட்கார்ந்தார். நாற்காலியைச் சகலை பக்கம் திருப்பிப் போட்டார். பதினோரு வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தையும் பேசினார்.

"என்ன சகல, எப்படி இருக்கு?"

"உங்களப் பாத்தா நல்லாருக்குதாமே. பேப்பர்ல போட்டு ஒட்டியிருக்காங்களாம்" என்றார் பொன்னுரங்கம்.

"ஒடம்பு அறியும் சகல. மனசுதான் வீம்பு பிடிக்கும்."

அன்று மாலை சொக்கலிங்கம் கொடுத்த சாத்துக்குடியைப் பொன்னுரங்கம் சாப்பிட்டார்.

எல்லாம் நல்லபடியாகப் போனது, புண்ணைத் தவிர. பட்டியல் ஒட்டிய மறுநாளே கிராஃப் படுத்துவிட்டது. மூன்றாம் நாள் இறங்கியது. ஏழாம் நாள் புண்ணின் ஓரம் கறுத்தது. மறுநாள் சர்ஜன் வந்து காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, படுக்கையைச் சுற்றி நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி, "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். அதுக்கப்புறம் முட்டிக்குக் கீழ எடுத்துர்றது பெட்டர்" என்றார். அவருக்கு இயல்பிலேயே கணீர்க் குரல்.

அது செவ்வாய்க்கிழமை. புதன் காலை கூடத்தில் அமிர்தத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் கணக்கு தப்பாக இருக்கலாம் என்று சொல்லத் துணிவில்லாமல், சுற்றி வளைத்துத் தொடங்கினேன்.

"முன்னாடி ராத்திரியில அவர் கூட இருந்தப்ப நல்லா ஆறிட்டு வந்துச்சும்மா. இப்பவும் அவர்தான் இருக்கார். ஆறல."

"யாரு கூட இருந்தப்ப?"

"உங்க அத்தான்."

"அத்தான் ராத்திரியில இருந்தாரா? எட்டு மணிக்கு மேல அவரு கண்ணத் தொறந்து வெச்சு நான் பாத்ததில்லையே."

"கருவியில இருக்கேம்மா. மஞ்ச பாஸ், சாயந்திரம் ஆறுல இருந்து மறுநாள் நாலு வரைக்கும்."

படித்தவனிடம் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லும்போது வரும் கூச்சம் அமிர்தத்திடம் இருந்தது.

"மஞ்ச பாஸ் எங்கிட்டல்ல இருந்துச்சு. அத்தானுக்கு முட்டி வலி. நாலு மாடி எப்படி ஏறுவாரு? முத நாளே பச்சையக் குடுத்துட்டேன், லிஃப்ட்டுல வரட்டும்னு. அவரு பையிலயே வெச்சு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு. சரி, அவருகிட்டயே இருக்கட்டும்னு நான் மஞ்சளப் போட்டுக்கிட்டு படியேறினேன். அதுல என்ன தம்பி?"

அதில் ஒன்றும் இல்லை. ஓர் ஆராய்ச்சி இருந்தது, அவ்வளவுதான்.

"அப்ப அந்தப் பதினாலு?" என்றார்.

"பேப்பர் படிச்சாரே, அவரோடது."

"முப்பத்தொண்ணு?"

"உங்களோடதும்மா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகிழ்ச்சியாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "ஒம்பது நாளு" என்றார். அப்புறம், "அத்தானுக்கு இது தெரிய வேணாம். இப்பத்தான் ரெண்டு பேரும் பேசிக்கிறாங்க."

நான் மாடிக்குப் போய் ஒவ்வொரு படுக்கையாகப் பாஸ்களைப் பார்த்தேன். நாற்பத்தாறு படுக்கைகளில் சொந்தப் பாஸ் சொந்தக் கழுத்தில் இருந்தது ஒன்பது இடத்தில். ஒரு பச்சை, பிளாஸ்கில் கட்டியிருந்தது. பிளாஸ்க்தான் கேண்டீனுக்கு அடிக்கடி போகுமாம். நான்கு பாஸ்கள் பக்கத்துக் குடும்பங்களுக்குள் கைமாறி, யார் முதலில் வாங்கியது என்பதே மறந்துபோயிருந்தது. பதினேழாம் படுக்கையில், தொலைந்துவிடக்கூடாது என்று பாஸை நோயாளியின் கழுத்திலேயே மாட்டியிருந்தார்கள். எங்கள் கணக்குப்படி அந்த மனிதர் இருபத்துநான்கு மணி நேரமும் தன்னைத் தானே பார்க்க வந்துகொண்டிருந்தார். கூட்டல் இருபத்திரண்டு.

டாக்டர் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். அடுத்த மாதம் அவர் டெல்லியில் படிக்க வேண்டிய கட்டுரை மேசையில் இருந்தது. அதைப் புரட்டி, பாசத்தைப் பற்றிய தனிப் பத்திக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டார். பிறகு அடுத்த பத்திக்கும் போட்டார். மூன்றாவது பக்கத்தில் நிறுத்திவிட்டுக் கட்டுரையை அப்படியே இழுப்பறைக்குள் வைத்தார்.

"இத்தனை பேரு பாத்திருக்காங்க. நர்ஸ், செக்யூரிட்டி, நீ, நான். நம்ம கேள்வித்தாள்ல எத்தனை கேள்வி?"

"அறுபத்து நாலு மேடம். உறவினர்கிட்ட நாப்பது, ஊழியர்கிட்ட இருபத்து நாலு."

"நோயாளிகிட்ட?"

"இல்ல மேடம். நோயாளி உறவுக்காரங்களுக்குச் சாதகமாச் சொல்லுவாரு, கணக்கு கெட்டுப்போகும்னு எடுத்துட்டோம்."

"யாரு எடுத்தது?"

"நீங்கதான் மேடம்."

"ஆமா" என்றார் அமைதியாக. "பாஸ் விதிய மாத்தணும்னா குழு கூடணும். குழு இருபதாம் தேதி. கால் வெள்ளிக்கிழமை. நான் தற்காலிக அனுமதி போட்டுத் தர்றேன். காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. நோயாளியின் விருப்பம்னு எழுதிக்கலாம். போய்க் கேட்டு, ஒரு பேர எழுதிட்டு வா."

அமிர்தத்தையும் கூட்டிக்கொண்டு மேலே போனேன். வார்டு வாசலில் அவரை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். சொக்கலிங்கம் சாப்பிடப் போயிருந்தார். பொன்னுரங்கம் மல்லாந்து படுத்திருந்தார். தலையணை மடிக்கப்படவில்லை. நான் பாஸ் விஷயத்தைச் சொல்லத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியும் தம்பி. அந்தப் பட்டியல் வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். பக்கத்துல யார் படுத்திருந்தாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"சொல்லியிருக்கலாமே சார்."

"யாரு கேட்டா? நாலு வாரமா என் கால்கிட்டதான் எல்லாரும் கேக்குறீங்க."

அவரே தொடர்ந்தார்.

"அதுவும் இல்லாம, அவ வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்குறான்னு சகலை சொன்னாரு. இருபது நாளு ஜில்லுன்னு தரையில கெடந்தா. ராத்திரியில நான் அசைஞ்சா எந்திரிச்சு உக்காந்துருவா. வீட்டுல மெத்தையில தூங்கட்டும்னு விட்டுட்டேன். தப்பான கணக்கா இருந்தாலும் நல்ல கணக்குதான்னு நெனச்சேன்."

"வெள்ளிக்கிழமை சர்ஜன் வர்றார் சார்."

"வரட்டும். அவர் சொன்னது இந்த வார்டுக்கே கேட்டுச்சு."

நான் படிவத்தை எடுத்தேன். "உங்க கூட யார் இருக்கணும்னு நீங்க ஒரு பேர் சொல்லணும் சார்."

பொன்னுரங்கம் விட்டத்தைப் பார்த்தார். நேரக் காப்பாளராக இருந்தவர். வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று யோசிப்பதைப்போல் யோசித்தார்.

"சகலையே இருக்கட்டும்னு எழுதிக்கங்க. அவ வீட்டுல தூங்கட்டும்."

பேனாவைத் திறந்தபடியே நின்றேன். அது எழுதும் பேனா. பின்னால் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அமிர்தம் வாசலில் நிற்கவில்லை. கட்டிலின் மறுபக்கம் வந்து, அவர் தலையைத் தூக்கித் தலையணையை உருவி இரண்டாக மடித்து வைத்தார்.

"வீட்டுக்குப் போகலியா நீ?" என்றார் பொன்னுரங்கம்.

"எந்த வீட்டுக்கு? ஒம்பது நாளா கீழதான் உக்காந்திருக்கேன்."

"கீழயா?"

"ஆமா. தண்ணி குடிச்சீங்களா?"

அமிர்தம் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். அவர் ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு தம்ளரும் குடித்தார்.

"தம்பி கேக்குறாரு. சகலைன்னு எழுதச் சொல்லியிருக்கேன்" என்றார் பொன்னுரங்கம் வாயைத் துடைத்துக்கொண்டே.

அமிர்தம் என் பக்கம் திரும்பினார். ஒன்பது நாள் ஓர் எண்ணுக்குப் பயந்து கீழே உட்கார்ந்திருந்த பெண். இப்போது பயம் இல்லை.

"இவரக் கேக்காதீங்க தம்பி. இவரு பொய் சொல்லுவாரு. கால்கிட்டயே கேளுங்க."

பொன்னுரங்கம் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் காரணக் கட்டத்தில் 'நோயாளியின் விருப்பம்' என்று எழுதி, அதற்கு எதிரே அமிர்தம் என்று எழுதினேன். கையெழுத்துப் போடக் கையை மட்டும் நீட்டினார். போட்டார்.

சொக்கலிங்கத்திடம் டாக்டரே பேசினார். அதிக மதிப்பெண் உள்ளவரின் சக்தி ஒரே இடத்தில் வீணாகிறது, பகலில் இரண்டு மணி நேரம் போதும், மற்ற நேரம் வேறு நோயாளிகளிடம் உட்கார்ந்தால் ஆராய்ச்சிக்கு உதவியாக இருக்கும் என்றார். அவர் ஒப்புக்கொண்டார். நாலு மணிக்குச் சகலையிடம் வருவார். பேப்பரைச் சத்தமாகப் படிப்பார். பொன்னுரங்கம் நடுவில் செய்தியைத் திருத்துவார். அந்த இரண்டு மணி நேரத்துக்கான புது எண்ணை நான் போட்டுப் பார்த்தேன். கூட்டல் மூன்று. யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சர்ஜன் நான்கு பேரோடு வந்தார். ஒட்டைப் பிரித்து, புண்ணின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். கிராஃபைக் கையில் வாங்கினார். ஒன்பது நாள் இறக்கம், ஒன்றரை நாள் ஏற்றம்.

"புதன்கிழமை என்ன மாத்துனீங்க? மருந்தா?"

"மருந்து அதேதான்" என்றார் டாக்டர் மெஹருன்னிசா.

சர்ஜன் இன்னொரு முறை அழுத்தினார். ரத்தம் கசிந்தது. அந்தத் துறையில் அது நல்ல செய்தியாம். எல்லாரும் கேட்கும்படி நிமிர்ந்து நின்றார்.

"சரி. கால எடுக்க வேணாம். ரத்தம் வருது. ரெண்டு கால்வெரல மட்டும்..."

பொன்னுரங்கம் ஒரு விரலை உதட்டின் மேல் வைத்தார்.

"சார், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. இப்பத்தான் கண்ணசந்தா."

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் அமிர்தம் பாயில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கை மட்டும் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது.

சர்ஜன் குனிந்தார். அவருக்குப் பின்னால் நின்ற நாலு பேரும் குனிந்தார்கள். எந்த இரண்டு விரல், என்றைக்கு எடுப்பது, எத்தனை நாளில் நடக்கலாம் என்பதையெல்லாம் பொன்னுரங்கத்தின் காதருகே போய், ரகசியம்போலச் சொல்லி முடித்தார்.